தஞ்சோங் ரம்புத்தான் வார்டில் நம் பிள்ளை: சுங்கை சிப்புட் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் மனநல மருத்துவமனை இருக்கும் ஊர் தஞ்சோங் ரம்புத்தான். பேராக்கில் யாரையாவது திட்ட வேண்டுமென்றால் “உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்” என்பார்கள். ஜொகூர்ப் பக்கம் அதே திட்டு “தம்போய்” என்று வரும். ஊர்ப்பெயரே வசவாகிப் போனதால், பிள்ளையை அங்கே சேர்க்கச் சொல்லி டாக்டர் கடிதம் எழுதியதும் பாதிக் குடும்பம் வாயடைத்துப் போகிறது. கேட்க வேண்டியதைக் கேட்காமலே வீட்டுக்குத் திரும்பிவிடுகிறது. 15 வயதிலிருந்து 25 வயது வரையுள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்காக இதை எழுதியிருக்கிறோம். இடம் சுங்கை சிப்புட்டும் அதைச் சுற்றிய தோட்டங்களும்.

அது எப்படிப்பட்ட இடம்? பைத்தியக்கார ஆஸ்பத்திரிதானே?

தஞ்சோங் ரம்புத்தானில் இருக்கும் உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை 1911-இல் தொடங்கியது. அந்தக் காலத்தில் அதன் வேலை ஆளை அடைத்து வைப்பதுதான். இன்று அது சுகாதார அமைச்சின் மனநல மருத்துவமனை. நாட்டில் இப்படி நான்கு பெரிய அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன: இது ஒன்று, ஜொகூர் தம்போயில் பெர்மாய், கூச்சிங்கில் செந்தோசா, கோத்தா கினபாலுவில் புக்கிட் பாடாங் மெஸ்ரா. இவை தவிர ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனூன் மாதிரியான பொது மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. ஆகவே எல்லாப் பிள்ளையும் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை.

முதலில் எங்கே காட்டுவது? நேராக அங்கே போகலாமா?

நிலைமை அடங்கி இருந்தால் கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசு சுகாதார நிலையத்துக்குப் போய், டாக்டரைப் பார்த்து, பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். ஆள் தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் நிலையில் இருந்தால், அல்லது இரண்டு நாளாகச் சோறு தண்ணீர் இல்லாமல் இருந்தால், கடிதம் வேண்டாம். பக்கத்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

அவசரப் பிரிவில் இரத்தம், சிறுநீர், சில சமயம் தலை ஸ்கேன் எடுப்பார்கள். “மனசுக்கு வந்த நோய்க்கு இரத்தம் எதுக்கு?” என்று சண்டை போட வேண்டாம். மூளைக் காய்ச்சல், வலிப்பு நோய், தைராய்டு, போதைப்பொருள் எல்லாம் மனநோய் போலவே வேஷம் காட்டும். போன வாரம் வரை நன்றாக இருந்த பெண் பிள்ளைக்குத் திடீரென்று குழப்பம், கூடவே காய்ச்சலோ வலிப்போ வந்திருந்தால், அதை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அது மனநல வார்டுக்குப் போக வேண்டிய கேஸே இல்லாமல் இருக்கலாம்.

டாக்டரிடம் என்ன சொல்வது? போய் நின்றால் எல்லாம் மறந்துவிடுகிறது.

ஒரு பக்கத்துக்கு எழுதிக்கொண்டு போங்கள். தமிழில் எழுதினாலும் பரவாயில்லை, அங்கே யாராவது படித்துச் சொல்வார்கள். இந்த மாதிரி இருந்தால் போதும்:

மார்ச்: ஃபேக்டரி வேலைக்குப் போவதை நிறுத்தினான். குளிப்பதில்லை.
ஏப்ரல் நடுவில்: இரவு 2 மணி நேரம்தான் தூக்கம். கழிவறையில் தனியாகப் பேசுகிறான், பதில் சொல்கிறான்.
மே 3: அம்மா சோற்றில் எதையோ கலக்கிறாள் என்று தட்டைத் தள்ளினான். ரொட்டி பாக்கெட் மட்டும் தானே வாங்கிச் சாப்பிடுகிறான்.
மே 9: பக்கத்து வீட்டு அண்ணனை அடிக்கப் போனான்.
பீர், சம்சு (மலிவுச் சாராயம்): வாரத்துக்கு எத்தனை நாள். கெத்தும் தண்ணீர் (போதை இலைச் சாறு): தெரியும் அல்லது தெரியாது.
குடும்பத்தில்: சித்தப்பாவுக்கு இதே மாதிரி வந்தது.
இப்போது சாப்பிடும் மருந்து, ஒத்துக்கொள்ளாத மருந்து.

டாக்டருக்கு இதில் மிக உதவுவது தேதிகள். “ரொம்ப நாளா இப்படித்தான்” என்றால் இரண்டு மாதமா இரண்டு வருஷமா என்று அவருக்குத் தெரியாது, சிகிச்சையோ அதைப் பொறுத்து மாறும்.

மொழிபெயர்ப்பில் ஒரு வழுக்கல் உண்டு. “மனசு சரியில்லை” என்று நாம் சொல்வது மலாயில் “செடே” ஆகிவிடும், அதாவது வெறும் சோகம். பையனுக்குக் காதில் குரல் கேட்கிறது என்றால் “டெங்கார் சுவாரா” என்றே சொல்லுங்கள். தூக்கமில்லை என்றால் “தாக் போலே தீடோர்”, எத்தனை மணி நேரம் என்பதோடு. குரல் சொல்லும் கெட்ட வார்த்தையைச் சொல்ல வெட்கப்பட்டு மாமாவோ அத்தையோ பாதியை விழுங்கிவிடுவது வழக்கம். அந்தப் பாதிதான் டாக்டருக்கு வேண்டியது. தமிழ் தெரிந்த தாதியோ உதவி மருத்துவ அதிகாரியோ இருக்கிறாரா என்று கேளுங்கள். கேட்டால் தேடிப் பார்ப்பார்கள்.

வர மாட்டேன் என்கிறான். கோயிலுக்குப் போகலாம் என்று சொல்லிக் கூட்டிப் போகலாமா?

வேண்டாம். ஒரு தடவை வேலை செய்யும். அடுத்த தடவை கிளினிக் அப்பாயின்மெண்ட் நாளில் அவன் காரிலேயே ஏற மாட்டான், நிஜமாகக் கோயிலுக்குப் போனாலும் ஏற மாட்டான். “தூக்கம் இல்லாம கஷ்டப்படுற, அதுக்கு மருந்து வாங்கலாம்” என்பது பொய்யும் இல்லை, பையன்கள் ஒப்புக்கொள்ளும் காரணமும் அதுதான். குரல் கேட்கிறது, நோய் என்று வாதாடிப் பயனில்லை.

காரில் பின்சீட்டில் நடுவே அவனை உட்கார வைத்து இரு பக்கமும் ஆள் இருங்கள், கதவின் சைல்ட் லாக்கைப் போடுங்கள். மோட்டார் சைக்கிளில் கூட்டிப் போகாதீர்கள். கயிற்றில் கட்டுவது, சங்கிலி போடுவது கூடவே கூடாது. மூச்சுத் திணறி உயிர் போகும் ஆபத்து அதில் உண்டு.

கை மீறினால் 999. மனநலச் சட்டத்தின்படி, ஆபத்தான நிலையில் உள்ளவரைப் போலீசும் சமூகநல அதிகாரியும் மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம். அண்மைய திருத்தத்துக்குப் பிறகு தீயணைப்பு, குடிமைத் தற்காப்பு ஆட்களும் அந்தப் பட்டியலில் வருகிறார்கள். போன் செய்யும்போது “நோயாளி, குற்றவாளி இல்லை, கையில் ஆயுதம் இருக்கிறது அல்லது இல்லை” என்று முதலிலேயே சொல்லுங்கள்.

அதற்கு முன் வீட்டைப் பாருங்கள். பாராங், செம்பனைக் குலை அறுக்கும் அரிவாள், புல் மருந்து. பாராகுவாட் 2020 ஜனவரி முதல் தடை, ஆனால் லயத்து வீட்டுப் பின்பக்கத்தில் பழைய டின் இன்னும் கிடக்கும். பூட்டி வைப்பதைவிட வீட்டைவிட்டே அகற்றுவது நல்லது. பூட்டின் சாவி எங்கே தொங்கும் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

தற்கொலைக்கு முயன்றால் போலீஸ் கேஸ் ஆகுமா?

ஆகாது. தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு 2023-இல் நீக்கப்பட்டது. அந்தப் பயத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டிலேயே உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். புல் மருந்து குடித்தவரை வாந்தி எடுக்க வைத்தால் தொண்டையும் நுரையீரலும் இரண்டாம் முறை வேகும். டின்னையும் எடுத்துக்கொண்டு நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். பேசுவதற்கு ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555, தாலியான் காசே 15999.

கையெழுத்து யார் போட வேண்டும்? கையெழுத்துப் போட்டால் வெளியே விடமாட்டார்களா?

2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டம், அதாவது சட்டம் 615, 2010 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் சேர்க்கை இரண்டு வகை.

தானாக வந்து சேர்வது முதல் வகை. 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரோ பாதுகாவலரோ சம்மதம் தர வேண்டும்.

பையன் சம்மதிக்காதபோது சேர்ப்பது இரண்டாவது. இதற்கு உறவினர் ஒருவரின் விண்ணப்பமும் அவனை நேரில் பரிசோதித்த டாக்டரின் பரிந்துரையும் வேண்டும். அந்தப் பரிசோதனை சேர்க்கைக்கு முந்தைய ஐந்து நாளுக்குள் நடந்திருக்க வேண்டும். போன மாதம் வாங்கிய கடிதத்தை டிராயரிலிருந்து எடுத்துப் போய்த் திரும்பி வருவது இதனால்தான். அங்கே போனதும் 24 மணி நேரத்துக்குள் மறுபடி பரிசோதனை. தேவை என்று தெரிந்தால் ஒரு மாதம் வரை வைக்கலாம். அதற்கு மேலும் வைக்க வேண்டுமானால் இரண்டு டாக்டர்கள் தனித்தனியே பார்க்க வேண்டும், அவர்களில் ஒருவர் மனநல நிபுணர். அப்போது மூன்று மாதம் வரை நீட்டலாம். அதையும் தாண்டினால் லெம்பாகா பெலாவாட் என்ற பார்வையாளர் வாரியத்திடம் போகும். குடும்பமும் நோயாளியும் அந்த வாரியத்திடம் முறையிடலாம். ஆக, ஒரு கையெழுத்தில் ஆயுள் முழுக்க என்பது கட்டுக்கதை.

பாட்டி வளர்த்த பிள்ளைகள் விஷயத்தில் இங்கே சிக்கல் வரும். அம்மா இறந்து, அப்பா எங்கே என்று தெரியாமல் இருந்தால், பிறப்புச் சான்றிதழ், அம்மாவின் இறப்புச் சான்றிதழ், பாட்டியின் மைகாட் (அடையாள அட்டை) மூன்றையும் கொண்டுபோங்கள். சட்டப்படி யார் பாதுகாவலர் என்ற கேள்வியை மருத்துவ சமூகப்பணி அதிகாரியும் ஜேகேஎம் என்ற சமூகநலத் துறையும் பார்ப்பார்கள். இல்லாத அப்பாவின் பெயரில் வேறு யாரையாவது கையெழுத்துப் போட வைக்காதீர்கள்.

நீதிமன்றம் அனுப்புவது வேறு கணக்கு. குற்றம் சாட்டப்பட்டவரின் மனநிலையைப் பார்க்க மாஜிஸ்திரேட் ஒரு மாதக் கண்காணிப்புக்கு அனுப்புவார், நீட்டிப்பும் கேட்கலாம். அந்த வார்டின் விதிகள் கடுமை. அதற்கு வக்கீல் வேண்டும், குடும்பத்தால் தனியே முடியாது. காசில்லை என்றால் சட்ட உதவிக்கு மனுச் செய்யுங்கள்.

பெரியவர்களோடு சேர்த்தா படுக்க வைப்பார்கள்?

சேர்க்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி. எல்லா மருத்துவமனையிலும் இளையவர்களுக்குத் தனி வார்டு கிடையாது. 18 வயதுக்குக் கீழ் என்றால், “இவனை எந்த வார்டில் வைப்பீர்கள், சிறார் மனநல நிபுணர் பார்ப்பாரா, இரவில் யார் கண்காணிப்பு?” என்று பரிந்துரைக் கடிதம் எழுதும் டாக்டரிடமே கேட்டு, தேவையானால் வேறு மருத்துவமனைக்கு எழுதச் சொல்லுங்கள். உள்ளே போன பிறகு மாற்றுவது கஷ்டம். யாராவது தொட்டார்கள், அடித்தார்கள் என்று பிள்ளை சொன்னால் “அது நோயால சொல்றான்” என்று ஒதுக்கிவிடாதீர்கள். அன்றே வார்டு சிஸ்டரிடம் சொல்லி, நாள் நேரத்தோடு எழுத்தில் கொடுங்கள்.

பையில் என்ன வைப்பது? தாயத்தை ஏன் கழற்றச் சொல்கிறார்கள்?

இரண்டு மூன்று உள்ளாடை, பிளாஸ்டிக் டப்பாவில் சோப்பு, டூத் பிரஷ், ஸ்லிப்பர், பெண் பிள்ளைக்கு நேப்கின். வார்டு உடுப்பு அவர்களே கொடுப்பார்கள். பெல்ட், நாடா வைத்த கால்சட்டை, ஷூ லேஸ், கண்ணாடிப் பாட்டில், ரேசர், லைட்டர், போன் சார்ஜர் ஒயர் எதுவும் போகாது. போனைப் பெரும்பாலும் வாங்கி வைத்துவிடுவார்கள்.

இடுப்புக் கயிறு, கழுத்துக் கறுப்புக் கயிறு, தாயத்து எல்லாம் கழற்றச் சொல்வது மதத்தை அவமதிக்க இல்லை. கழுத்தை இறுக்கக்கூடிய எதுவும் வார்டில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இதனால் வாசலிலேயே பெரிய சண்டையாகும், பையனும் அதைப் பார்த்து மிரள்வான். வீட்டிலேயே பாட்டியைக் கொண்டு கழற்றி, பூசையறையில் வைத்துவிட்டுப் போவது நல்லது. “நீ வந்ததும் கட்டிக்கலாம்” என்று சொல்லுங்கள். திருநீறு காகிதப் பொட்டலத்தில் போகலாம், பிரேம் போட்ட படம் போகாது.

சாப்பாடு ஹலால்தான், ஆனால் மாட்டிறைச்சி வரலாம். சேர்க்கும்போதே “தாக் மாக்கான் டாகிங்” என்று சொல்லிப் பதியுங்கள். சாப்பாட்டில் விஷம் இருப்பதாகச் சந்தேகப்படும் பிள்ளை என்றால் அதையும் சொல்லுங்கள். பிரிக்காத பிஸ்கட், பாக்கெட் மைலோ மாதிரி கொடுத்துப் பார்ப்பார்கள்.

மருந்து கொடுத்தபின் கழுத்து இழுத்துக்கொண்டது. சாமி வந்ததா, மருந்து ஏற்கவில்லையா?

வீட்டு விடுப்பில் வந்த பையன்களிடம் இதை அதிகம் பார்க்கலாம். கழுத்து ஒரு பக்கம் திருகும், கண் மேலே சொருகும், நாக்கு தடித்து வெளியே தள்ளும், வாய் கோணும். பார்க்கிறவர்களுக்குச் சாமி இறங்கியது போலவோ பேய் பிடித்தது போலவோ இருக்கும். எலுமிச்சம்பழம் அறுக்கத் தொடங்குவார்கள். இது டிஸ்டோனியா. ஹலோபெரிடால், ரிஸ்பெரிடோன் மாதிரியான மருந்துகள் மூளையில் டோபமைனைத் தடுப்பதால் தசை பூட்டிக்கொள்கிறது. மருந்து தொடங்கிய அல்லது கூட்டிய முதல் சில நாளில் வரும். வயதானவர்களைவிட இளம் ஆண்களுக்கு அதிகம். பிள்ளைக்கு நினைவு தெளிவாக இருக்கும், வலி பயங்கரமாக இருக்கும். அவசரப் பிரிவில் ஊசி போட்டால் அரைமணி நேரத்துக்குள் பெரும்பாலும் இறங்கிவிடும். விடுப்பில் அனுப்பும்போதே பென்செக்சால் மாத்திரை கொடுத்திருக்கிறார்களா, எப்போது கொடுப்பது என்று கேட்டு வையுங்கள்.

மற்றப் பக்கவிளைவுகள் சுருக்கமாக. ஓலன்சபின் மருந்தில் பசி கட்டுக்கடங்காது, எடை ஏறும். வாரம் ஒருமுறை எடை பாருங்கள், மூன்றாவது தட்டுச் சோற்றைத் தள்ளி வையுங்கள், இனிப்புத் தண்ணீரை நிறுத்துங்கள். உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருந்தால் அது குறும்பு இல்லை, அக்கதீசியா; டாக்டரிடம் சொன்னால் அளவை மாற்றுவார். பெண் பிள்ளைக்கு மாதவிடாய் நின்றுபோனாலோ மார்பில் பால் கசிந்தாலோ கர்ப்பம் என்று அடிக்கப் போக வேண்டாம். ரிஸ்பெரிடோன் புரோலாக்டினைக் கூட்டி இப்படிச் செய்யும். கடும் காய்ச்சலோடு உடம்பு கட்டை போல விறைத்துக் குழம்பினால் அன்றே, அப்போதே ஆஸ்பத்திரி.

குளோசபின் சாப்பிடுபவருக்கு முதல் 18 வாரம் வாரந்தோறும் இரத்தப் பரிசோதனை, ஏனென்றால் சிலருக்கு வெள்ளணு விழுந்துவிடும். தொண்டை வலி, காய்ச்சல் என்றால் பனடோல் கொடுத்துப் படுக்க வைக்காமல் இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் திரும்பத் தொடங்கக் கூடாது. குறைந்த அளவிலிருந்து ஏற்ற வேண்டும். அதை டாக்டர்தான் செய்வார்.

பலரும் கவனிக்காதது சிகரெட். வார்டில் புகை இல்லை. வீட்டுக்கு வந்து பழையபடி ஊதத் தொடங்கினால் ஓலன்சபின், குளோசபின் இரண்டும் இரத்தத்தில் குறைந்துவிடும், ஏனென்றால் புகை கல்லீரலை வேகமாக மருந்தைக் கரைக்க வைக்கிறது. “ஆஸ்பத்திரியில நல்லா இருந்தான், வீட்டுக்கு வந்ததும் மாறிட்டான்” என்பதற்கு மாமியார் கண்ணோ வீட்டு வாஸ்துவோ காரணமில்லாமல் இதுவாகவும் இருக்கலாம். எத்தனை சிகரெட் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள்.

கரண்ட் வைப்பார்களா?

சிலருக்கு. சிலை மாதிரி அசையாமல், சாப்பிடாமல், பேசாமல் உறைந்து போனவர்களுக்கும் தற்கொலை எண்ணம் விடாதவர்களுக்கும் இது மாத்திரையைவிட வேகமாக வேலை செய்கிறது. மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைத்து, தசைத் தளர்வு ஊசி போட்டபின் சில விநாடி கரண்ட் வைப்பார்கள். முந்தின இரவிலிருந்து சாப்பிடக் கூடாது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வீதம் மொத்தம் 6 முதல் 12 வரை வழக்கம். அந்த வாரங்களின் ஞாபகம் கொஞ்சம் மங்கலாம். சம்மதம் வேண்டும்; 18 வயதுக்குக் கீழ் என்றால் பாதுகாவலர் கையெழுத்துப் போட வேண்டும்.

கெத்தும், சியாபு (மெத்தாம்பெட்டமின்) எடுத்திருந்தால் சொல்லலாமா?

சொல்லுங்கள். சியாபு எடுத்தவருக்கு வரும் குழப்பம் மனச்சிதைவு போலவே இருக்கும். சிலருக்குச் சில நாளில் இறங்கும், சிலருக்கு நோயையே கிளப்பிவிடும். மறைத்தால் தப்பான மருந்துக் கணக்கில் ஆரம்பிப்பார்கள். குடிப் பழக்கம் உள்ளவர் திடீரென்று நிறுத்தி வார்டில் படுத்தால் இரண்டு மூன்று நாளில் நடுக்கமும் வலிப்பும் வரலாம், அதனால் சம்சு கணக்கும் சொல்லுங்கள்.

பள்ளிக்கூடம்? எஸ்பிஎம் தேர்வு இருக்கிறதே.

எம்சி என்ற மருத்துவச் சான்றிதழை வாங்கிப் பள்ளியில் கொடுத்தால் வராத நாள் மருத்துவ விடுப்பாகப் பதியும், எச்சரிக்கைக் கடிதம் வராது. நோயின் பெயரை எல்லா ஆசிரியருக்கும் சொல்லத் தேவையில்லை. கவுன்சலிங் ஆசிரியர் ஒருவருக்குத் தெரிந்தால் போதும். சில அரசு மருத்துவமனைகளில் 2011-இல் தொடங்கிய ‘மருத்துவமனைக்குள் பள்ளி’ திட்டம் இருக்கிறது; சேர்க்கும்போது கேளுங்கள். எஸ்பிஎம் மாணவர் மருத்துவமனையிலேயே தேர்வு எழுத ஏற்பாடு செய்யலாம், ஆனால் பள்ளிதான் தேர்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தேர்வுக்கு முந்தின நாள் கேட்டால் நடக்காது.

திரும்பிப் போகும்போது முதல் வாரத்திலேயே முழு நாளும் வகுப்பில் உட்கார வைத்தால் பெரும்பாலும் மூன்றாவது நாள் அழுதுகொண்டு வருவான். காலை மருந்தின் தூக்கம் பத்து மணி வரை இருக்கும். மாத்திரையை முந்தின இரவே கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

செலவு எவ்வளவு?

கிளினிக் கெசிஹாத்தானில் 1 வெள்ளி (ரிங்கிட்), நிபுணர் கிளினிக்கில் 5 வெள்ளி. அரசு கிளினிக் கடிதத்தோடு போனால் நிபுணரிடம் முதல் தடவை இலவசம், தனியார் கிளினிக் கடிதம் என்றால் 30 வெள்ளி. மூன்றாம் வகுப்பு வார்டுக் கட்டணமும் சொற்பம்தான். கையைக் கடிப்பது பார்க்கப் போய்வரும் பெட்ரோலும் வேலைக்குப் போகாத நாளின் சம்பளமும். சமூகப்பணி அதிகாரியிடம் இதைச் சொல்லலாம், வெட்கமில்லை.

குறைந்தது இரண்டு வருஷம் மனநல சிகிச்சையில் இருந்தவர் ஜேகேஎம்மில் மனநல வகை ஓகேயு (மாற்றுத்திறனாளி) அட்டைக்குப் பதியலாம். அட்டை இருந்தால் அரசு மருத்துவமனைக் கட்டணம் இல்லை. “அட்டை எடுத்தால் கல்யாணம் ஆகாது” என்று தள்ளிப் போடும் குடும்பங்கள் நிறைய. அட்டையைப் பாக்கெட்டில் வைத்துக்கொள்வதா, கழுத்தில் மாட்டிக்கொள்வதா என்பது உங்கள் விருப்பம்.

பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்கு வெளிநாட்டவர் கட்டணம் எழுதிவிடுவார்கள். பில்லைப் பார்த்து ஓடிப்போகாமல், அன்றே சமூகப்பணி அதிகாரியைப் பார்த்து, பிறந்த தோட்டத்தின் பெயர், மருத்துவச்சி அல்லது கிளினிக், தமிழ்ப்பள்ளிப் பதிவு, பெற்றோரின் அடையாள அட்டை என்று கையில் இருப்பதைக் கொடுங்கள். ஓடிப்போனால் பிள்ளைக்கு வெளியே ஆளில்லை என்று பதிவாகும்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் என்ன கேட்டு வாங்க வேண்டும்?

நோயின் பெயர், மருந்தின் பெயர், அளவு, எத்தனை மணிக்கு, அடுத்த அப்பாயின்மெண்ட் தேதி, மாத ஊசி என்றால் அடுத்த ஊசித் தேதி, இரவில் கூப்பிட வேண்டிய எண். ஒவ்வொரு மாதமும் தஞ்சோங் ரம்புத்தான் போய் மருந்து எடுப்பது கஷ்டம் என்றால் எஸ்பியுபி என்ற, வேறிடத்தில் மருந்து எடுக்கும் முறையில் சுங்கை சிப்புட்டிலேயே மீதி மருந்தை எடுக்கலாமா என்று மருந்தகத்தில் கேளுங்கள். எல்லா மருந்துக்கும் கிடைக்காது. வீட்டுக்கு வந்து பார்க்கும் சமூக மனநலத் தாதியர் குழு உங்கள் வட்டாரத்துக்கு வருமா, பக்கத்தில் மெந்தாரி என்ற சமூக மனநல மையம் எது என்றும் கேளுங்கள். மெந்தாரியில் வேலைக்குச் சேர்த்துவிட்டுக் கூடவே நின்று பழக்கும் திட்டம் இருக்கிறது. 20 வயதுப் பையனுக்கு மருந்துக்கு அடுத்து வேண்டியது வேலை.

நன்றாகிவிட்டான். மருந்தை நிறுத்தலாமா?

நிறுத்தியதும் அடுத்த வாரமே நோய் திரும்பினால் யாரும் நிறுத்த மாட்டார்கள். சிக்கல் என்னவென்றால், நிறுத்திய முதல் மாதம் இன்னும் நன்றாக இருப்பான்: தூக்க மயக்கம் போகும், முகம் தெளியும், எடை குறையும். “பார்த்தீங்களா, மருந்துதான் கெடுத்துச்சு” என்று வீடே முடிவு கட்டிவிடும். மூன்று நான்கு மாதம் கழித்துத் தூக்கம் கெடும்போது யாரும் மருந்தோடு அதை முடிச்சுப் போட மாட்டார்கள். முதல் முறை குணமானபின் குறைந்தது ஒன்று இரண்டு வருஷம் தொடர்வதும், பிறகு டாக்டரோடு படிப்படியாகக் குறைப்பதும்தான் வழக்கம். திரும்பி வரும் நோய் பெரும்பாலும் முதல் முறை வந்த அதே அடையாளத்தோடு வரும். அந்த ஒரு பக்கக் காகிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள்.

பூசை, மந்திரிப்பு, தைப்பூச நேர்த்தி?

பூசை செய்யுங்கள். மருந்தை நிறுத்தச் சொல்லும் சாமியாடியிடம் மட்டும் போகாதீர்கள். பெயர் தெரியாத பொடியைக் குடிக்க வேண்டாம். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் அதுவே மனத்தைக் கலக்கும். லித்தியம் சாப்பிடுபவர் விரதமிருந்து, வெயிலில் காவடி தூக்கி, தண்ணீர் குறைந்தால் மருந்து இரத்தத்தில் ஏறி நஞ்சாகும்: கை கடுமையாக நடுங்கும், வாந்தி, தள்ளாட்டம். விரதத்துக்கு முன் டாக்டரிடம் கேளுங்கள்.

சிலர் அங்கேயே வருஷக்கணக்காகத் தங்கிவிடுகிறார்களே, ஏன்?

டாக்டர் விட மறுப்பதால் என்று ஊரில் பேச்சு. பெரும்பாலும் அது இல்லை. இளையவர்களுக்குச் சேர்க்கை சில வாரங்கள்தான். வெளியே அனுப்ப ஓர் இடமும் ஓர் ஆளும் வேண்டும், அதுதான் இல்லாமல் போகிறது.

தோட்டத்தில் இது நடக்கும் விதம் இப்படி. பையன் வார்டில் இருக்கிறான். அப்பாவுக்கு வேலை முடிகிறது, லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார்கள். குடும்பம் தாமான் குடியிருப்பில் இரண்டு அறை வீட்டுக்கு வாடகைக்குப் போகிறது. மருத்துவமனைப் பதிவில் இருப்பது பழைய தோட்டத்து டிவிஷன் பெயர். கொடுத்த போன் எண் பிரிபெய்டு; டாப்-அப் போடாமல் செத்துவிட்டது. டாக்டர் வெளியே அனுப்பலாம் என்று எழுதிய நாளில் வார்டிலிருந்து போன் போகிறது, எடுக்க ஆளில்லை. கடிதம் போகிறது, திரும்பி வருகிறது. அக்காவுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார்கள், “முடிஞ்ச பிறகு கூட்டிக்கலாம்” என்கிறது வீடு. முடிந்த பிறகு மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக் கூடாது. ஆறு மாதம் ஒரு வருஷமாகிறது. அதற்குள் பையனுக்குச் சமைக்க, பஸ் ஏற, காசு எண்ணப் பழக்கம் விட்டுப்போகிறது. அப்புறம் உண்மையிலேயே வீட்டில் வைத்துக்கொள்வது கஷ்டமாகிறது.

ஆகவே சேர்க்கும் நாளில் ஒரு எண் கொடுக்காதீர்கள், மூன்று கொடுங்கள்: வீட்டில் ஒருவர், வெளியூர்ச் சொந்தம் ஒருவர், எண் மாறாத ஒருவர். கடைக்காரர், தமிழ்ப்பள்ளி ஆசிரியர், கோயில் செயலாளர் என்று யாராக இருந்தாலும் சரி. கையெழுத்துக்கு உறவினர் வேண்டும், சேதி சொல்ல யாரும் போதும். வீடு மாறினால் அந்த வாரமே வார்டுக்குப் போன் செய்து புது விலாசத்தைக் கோப்பில் எழுதச் சொல்லுங்கள், யார் எழுதிக்கொண்டார்கள் என்று பெயர் கேளுங்கள். வாரம் ஒருமுறை போக முடியாவிட்டால் மாதம் இருமுறை. அதுவும் முடியாவிட்டால் வார்டு எண்ணுக்கு நாள் குறித்துப் பேசுங்கள்; அந்த நாளில் பையன் போன் பக்கத்தில் வந்து நின்றுகொண்டிருப்பான்.

டாக்டர் சம்மதித்தால் முதலில் இரண்டு மூன்று நாள் விடுப்பில் கூட்டி வாருங்கள். வரும்போது மாத்திரையை எண்ணி வாங்குங்கள், திரும்பும்போது மீதியை எண்ணிக் கொடுங்கள். எண்ணிக்கை தப்பினால் மறைக்காமல் சொல்லுங்கள்; யாரும் திட்ட மாட்டார்கள், அடுத்த விடுப்புக்கு ஊசியாக மாற்றிக் கொடுப்பதா என்று யோசிப்பார்கள். அவனுக்கென்று ஒரு பாய், ஒரு தலையணை, துணி வைக்க ஒரு தட்டு ஒதுக்கி வையுங்கள். அறை வேண்டியதில்லை.

பக்கத்து வீட்டில் கேட்டால் என்ன சொல்வது?

“உடம்பு சரியில்லாம ஆஸ்பத்திரியில இருந்தான், இப்ப மருந்து சாப்பிடுறான்.” அதற்கு மேல் “எந்த ஆஸ்பத்திரி?” என்று கேட்பவரிடம், “ஈப்போ பக்கம்.”